ஆஸ்பத்திரித் துணிக்கு வைரஸ் எதிர்ப்பு ஃபினிஷ்: பத்து வாஷில் பலன் போகிறது, தப்பு எங்கே?

எம்சிரோடு_தையல்:

அட்டெண்டர் கோட், பெட்ஷீட், வார்டு திரை மூன்றுக்கும் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஃபினிஷ் போட வேண்டும். கோட்டுக்கு 65/35 பாலி-காட்டன், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்), 150 செ.மீ அகலம். ஷீட்டுக்கும் திரைக்கும் முழுக் காட்டன், 140 ஜிஎஸ்எம், வெள்ளை. கெமிக்கல் சிலேன் குவாட் (துணியைப் பிடிக்கும் சிலேனும் கிருமியை உடைக்கும் குவாட்டர்னரி அமோனியமும் சேர்ந்தது). லிட்டருக்கு 30 கிராம் என்று சப்ளையர் சொன்ன அளவு. பேடிங் மாங்கிளும் (கரைசலில் முக்கிப் பிழியும் ரோலர்) ஸ்டென்டரும் (துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் மெஷின்) திருவொற்றியூர் பக்கம் ஜாப் வொர்க். தண்ணீர் போர்தான், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1800.

புதுத் துணிக்கு 99.9% என்று ரிப்போர்ட் வந்தது. அதே துணியை 10 வாஷ் போட்டு அனுப்பினால் சாதாரணத் துணிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. வெள்ளை ஷீட் ஸ்டென்டரை விட்டு வெளியே வரும்போதே மஞ்சளடிக்கிறது. அடுத்த டெஸ்டுக்கு முன் "எந்த வைரஸ், எந்தக் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் துணி)" என்று லேப் கேட்கிறது. என்ன சொல்வது? ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றினால் வெளிச்சம் பட்டாலே வைரஸ் சாகும் என்கிறார்களே, அது திரைக்கு ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லவும்.

தொட்டித்தண்ணி:

முதலில் அந்த 30 கிராமைப் பார்ப்போம். லிட்டருக்கு 30 கிராம் எதில்? டிரம்மில் ஆக்டிவ், அதாவது வேலை செய்யும் சரக்கு, எத்தனை சதவீதம்? இந்த கெமிக்கல் மெத்தனாலில் கரைத்து 40 சதவீத வாக்கிலும் வருகிறது, தண்ணீர் கலந்து 5 சதவீதத்திலும் வருகிறது. லேபிள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் பாலி-காட்டன் பிழிந்தபின் 65% பிக்-அப் எடுக்கிறது, அதாவது தன் எடையில் 65% கரைசலைப் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

40% டிரம் என்றால் 30 கிராமில் 12 கிராம் ஆக்டிவ். 65% பிக்-அப்பில் துணி எடையில் 0.78% ஏறும். 5% டிரம் என்றால் 30 கிராமில் ஒன்றரை கிராம்தான் ஆக்டிவ். துணியில் ஏறுவது 0.1%கூட இல்லை. புதுசில் டெஸ்ட் பாஸாகும், பத்து வாஷில் காணாமல் போகும். டேட்டா ஷீட்டை வாங்கிப் பார்க்காமல் இனி ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள். 0.6% ஏற வேண்டும் என்றால் பாத்தில் (துணியை முக்கும் கரைசலில்) லிட்டருக்கு 9.2 கிராம் ஆக்டிவ் இருக்க வேண்டும். 40% டிரம்மில் அது 23 கிராம்.

அடுத்தது தண்ணீர். மீஞ்சூர் தொடங்கி எண்ணூர், திருவொற்றியூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பகுதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1800 டிடிஎஸ் போர் தண்ணீரில் சிலேன் போட்டால் இரண்டு வகையில் கெடும். பைகார்பனேட் அசிட்டிக் ஆசிடைத் தின்றுவிடும், பிஎச் தானாக ஏறும். உப்பு அதிகமானால் கெமிக்கல் கரைசலில் நிற்காமல் பிரியும். பாத் பால் மாதிரி கலங்கினாலோ, ரோலரில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ, சிலேன் துணிக்கு வருமுன்பே தனக்குத்தானே கோத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கோத்த சரக்கு துணி மேல் சும்மா உட்காரும், வாஷில் உதிரும். ஃபினிஷ் பாத்துக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் வாங்குங்கள். 180 ஜிஎஸ்எம், 150 செ.மீ துணி மீட்டருக்கு 270 கிராம். 65% பிக்-அப்பில் மீட்டருக்கு 175 மில்லி குடிக்கும். 100 லிட்டர் கலக்கி, கடைசியில் தொட்டியில் 20 லிட்டர் தங்கினாலும் 455 மீட்டர் ஓடும். ஆர்ஓ தண்ணீர் அப்படி ஒன்றும் கட்டுப்படியாகாத செலவில்லை.

கலக்கும் முறை: தண்ணீரில் முதலில் அசிட்டிக் ஆசிட் விட்டு பிஎச் 4 முதல் 4.5 வரை கொண்டுவாருங்கள். பிறகு கலக்கிக்கொண்டே சிலேனைச் சன்னமாக விடுங்கள். மெத்தனால் சரக்கு என்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. கலந்த பாத்தை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் ஓட்டுவதுதான் பாதி பட்டறைகளில் நடக்கிற தப்பு.

துணி பக்கம் இன்னும் பெரிய தப்பு இருக்கலாம். குவாட் பாசிட்டிவ் சார்ஜ். ஸ்கவரிங்கில் (துணியின் மெழுகு, அழுக்கு எடுக்கும் கழுவல்) போட்ட சோப்பு மிச்சமிருந்தால் அது நெகட்டிவ். இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டால் வைரஸைத் தொட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். துணியில் ஒரு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விடுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் போகவில்லை. தண்ணீர்ச் சொட்டு மூன்று விநாடியில் உள்ளே இழுக்க வேண்டும். பெராக்சைடு ஸ்ட்ரிப் (ப்ளீச் மிச்சம் காட்டும் தாள்) நிறம் மாறக் கூடாது. மூன்றும் சரியானால்தான் மாங்கிள் பக்கம் போகலாம்.

வெள்ளை ஷீட் மஞ்சளடிக்கக் காரணமும் இதுவேதான். ப்ளீச்சோடு சேர்த்துப் போடும் ஆப்டிகல் ஒயிட்னர் பெரும்பாலும் நெகட்டிவ் சார்ஜ் சாயம். குவாட் வந்து அதைக் கட்டிப்போட்டதும் நீல வெளிச்சம் அடங்கி, அடியிலிருந்த இயல்பான மஞ்சள் தெரிகிறது. ஒயிட்னர் போடாத துணி கேட்டு வாங்குங்கள். சாஃப்ட்னர் சேர்ப்பதானால் கேஷனிக் (பாசிட்டிவ் சார்ஜ்) அல்லது நான்-அயானிக் (சார்ஜ் இல்லாதது) மட்டும்.

பேடிங் இரண்டு முக்கு, இரண்டு பிழி. 110 டிகிரியில் உலர்த்தி, 120–130 டிகிரியில் இரண்டு நிமிடம் கியூரிங் (சூட்டில் பிணையவைத்தல்). இது துணியின் சூடு, பெட்டி மீட்டர் காட்டும் சூடு அல்ல. ஈரத்தோடு உள்ளே போனால் அந்த இரண்டு நிமிடத்தில் பாதி ஈரம் காயவே போய்விடும். குவாட் காட்டன் மேல் தானாகவே ஏறும் குணமுள்ளது, அதனால் முதல் ஐம்பது மீட்டருக்கு அதிகமாகவும் கடைசி மீட்டர்களுக்குக் குறைவாகவும் ஏறும். தொட்டியைச் சின்னதாக வைத்து, ஊற்றும் சரக்கைத் தொட்டியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாக வையுங்கள்.

பாலி-காட்டனில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. சிலேன் பிடித்துக்கொள்ள காட்டனில்தான் கை இருக்கிறது. 65 பங்கு பாலியெஸ்டர் மேல் வெறும் படலமாகத்தான் படியும். 25 வாஷ் என்று எழுதித் தரக் கேட்டால் காட்டன் பங்கு கூடிய துணிக்கு மாறுங்கள்.

ப்ளேக்_கணக்கு:

லேப் கேட்டது நியாயமான கேள்வி. வைரஸில் இரண்டு ஜாதி. கொழுப்பு உறை போர்த்தியவை: இன்ஃப்ளுயன்சா, கொரோனா. உறை இல்லாதவை: நோரோ, போலியோ, ஜலதோஷம் தரும் ரைனோ. குவாட் முதலில் உடைப்பது அந்தக் கொழுப்பு உறையை. உறையில்லாததிடம் அதன் பாச்சா பெரிதாகப் பலிக்காது. ஐஎஸ்ஓ 18184 முறையில் இன்ஃப்ளுயன்சா ஏ-யும், நோரோவுக்குப் பதிலாளாகப் பூனை காலிசி வைரஸும் வைத்துப் பார்ப்பார்கள். நோரோவைச் சாதாரண செல் கல்ச்சரில் வளர்ப்பது பெரும்பாடு, அதனால்தான் பூனை. இரண்டையும் கேளுங்கள். இன்ஃப்ளுயன்சாவில் மட்டும் பாஸானால் லேபிளில் "உறையுள்ள வைரஸ்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுதக் கூடாது.

நடப்பது இதுதான்: 0.4 கிராம் துணித்துண்டில் 0.2 மில்லி வைரஸ் திரவம், 25 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 20 மில்லி திரவத்தில் அலசி, உயிரோடிருப்பதைச் செல் மேல் எண்ணுவது. ஒரு லாக் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைவது. வித்தியாசம் 2 லாக் முதல் 3 லாக்குக்குள் என்றால் நல்ல பலன், 3-க்கு மேல் என்றால் மிக நல்ல பலன்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? வைரஸ் சும்மா துணியிலேயே தானாகக் கொஞ்சம் சாகும். உதாரணத்துக்கு, கன்ட்ரோல் துணியில் ஆரம்பத்தில் 6.9 லாக், 2 மணி கழித்து 5.8, உங்கள் துணியில் 3.1 என்று வையுங்கள். 5.8-லிருந்து கழித்தால் 2.7, அதாவது 99.8%. 6.9-லிருந்து கழித்தால் 3.8. துணி ஒன்று, எண் இரண்டு. விற்பவர் எதைப் போடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2 மணி கன்ட்ரோலோடு ஒப்பிட்ட எண்ணையும் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, துணியிலிருந்து கசியும் குவாட் அந்தச் செல்களையே கொன்றுவிடும். செல் செத்தால் எண்ண ஒன்றுமில்லை, "வைரஸ் இல்லை" என்று தப்பாகப் படிக்கலாம். அதனால் சைட்டோடாக்ஸிசிட்டி கன்ட்ரோலும் (கசிவு செல்லைக் கொல்கிறதா என்பது) நியூட்ரலைசர் (கசிந்த குவாட்டை அடக்கும் திரவம்) சரியாக வேலை செய்ததா என்ற கன்ட்ரோலும் ரிப்போர்ட்டில் இருந்தே ஆக வேண்டும். புதுத் துணியில் ஜோரான எண், பத்து வாஷில் பூஜ்யம் என்று வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இந்தக் கசிவுதான்.

வாஷ் ஐஎஸ்ஓ 6330 முறையில் போட்டதா, எந்த டிடர்ஜென்ட் என்பதையும் எழுதி வாங்குங்கள். கடை டிடர்ஜென்ட்டில் இருப்பது நெகட்டிவ் சார்ஜ் சோப்பு. சரியாக அலசாமல் அனுப்பினால், ஃபினிஷ் துணியில் இருந்தும் சோப்புப் போர்வைக்குள் மறைந்து கிடக்கும். பத்தாவது வாஷுக்குப் பின் வெறும் தண்ணீரில் மூன்று அலசல் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள், சிலசமயம் செத்ததாக நினைத்த ஃபினிஷ் எழுந்து உட்காரும்.

ஐஎஸ்ஓ 16603, ஏஎஸ்டிஎம் எஃப்1671 ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "ஆன்டிவைரல்" என்பவர்களும் உண்டு. அவை ரத்தமும் வைரஸும் துணியை ஊடுருவுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். பிளாஸ்டிக் ஷீட்கூட அதில் பாஸாகும். 2020-ல் கவரால்களுக்குக் (முழு உடல் பாதுகாப்பு உடை) கோவை சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் வரிசை கட்டி நின்றது அந்த வகை டெஸ்டுக்குத்தான்.

வெயில்_வெளுப்பு:

துணியை வெட்டவெளியில் விரித்து வெயிலில் வெளுத்தவர்களின் பெயரைத் தாங்கிய பேட்டை நம்முடைய வண்ணாரப்பேட்டை. அங்கிருந்தே வெளிச்சத்தில் வைரஸைக் கொல்லும் துணி பற்றிக் கேள்வி வந்திருக்கிறது, பொருத்தம்தான்!

ரோஸ் பெங்கால் வேலை செய்யும். 2020-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காட்டனுக்கு டைஎதில்அமினோஎதில் குளோரைடு ஏற்றி, அதன் மேல் இந்தச் சாயத்தைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாக்டீரியாவும் டி7 ஃபேஜ் வைரஸும் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) செத்ததைக் காட்டினார்கள். சாயம் வெளிச்சத்தை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்ஸிஜனைச் சிங்லெட் ஆக்ஸிஜனாக மாற்றும். அது புரதம், கொழுப்பு எதையும் விடாது, அதனால் உறையில்லாத வைரஸுக்கும் வாய்ப்புண்டு.

சாயம் நெகட்டிவ், வெறும் காட்டனில் நிற்காது. துணியைக் கேஷனிக் ஆக்க வேண்டும். அதற்குப் பட்டறையில் கிடைக்கிற கெமிக்கலான சிஹெச்பிடிஏசி, 65% கரைசலை வைத்துச் சொல்கிறேன். லிட்டருக்கு 80 கிராம் சரக்கு, 22 கிராம் காஸ்டிக். காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்து, பேடிங்குக்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். கலந்ததும் உண்டாகும் எபாக்சைடு விஷம். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். முக்கிப் பிழிந்து, ரோலைப் பாலித்தீனில் சுற்றி ஒரு நாள் சுழலவிட்டு, கழுவி, அசிட்டிக் ஆசிடில் சமனாக்கினால் துணி தயார். சாயத்தை 0.2, 0.5, 1% என்று மூன்று அளவில் போட்டு ஒப்பிடுங்கள். அடர்த்தி கூடினால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம், மூலக்கூறுகள் கும்பலாகிவிட்டால் ஒன்றின் சக்தியை இன்னொன்று விழுங்கிவிடும்.

இனி ஏமாறும் இடம். பாசிட்டிவ் சார்ஜ் ஏற்றிய துணி பல வைரஸ்களைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். லேபில் அலசும்போது கழன்று வராது. எண்ணிப் பார்த்தால் குறைவு, "செத்துவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். அதனால் நான்கு துண்டு கொடுங்கள்: சாதாரணத் துணி, கேஷனிக் மட்டும் ஆன துணி, சாயமேறிய துணி இருட்டில், சாயமேறிய துணி வெளிச்சத்தில். கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மட்டுமே சாயத்தின் சம்பாத்தியம். வெளிச்சம் எத்தனை லக்ஸ் என்றும் எழுதச் சொல்லுங்கள். வார்டு டியூப் லைட் சில நூறு லக்ஸ். வெளியே பகல் நிழலில் பத்தாயிரத்தைத் தாண்டும், நேர் வெயில் ஒரு லட்சம். வெயிலில் எடுத்த எண்ணை வைத்து இராத்திரி வார்டுக்குத் திரை விற்க முடியாது. திரையின் மடிப்புக்குள் அந்தச் சில நூறும் போகாது.

இந்தச் சாயம் உண்டாக்கும் ஆக்ஸிஜன் சாயத்தையே தின்னும். ஜன்னலோரத் திரை வாரக் கணக்கில் வெளுக்கும், வெளுத்த அளவுக்குப் பலனும் போகும். ரோஜா நிறம் வேறு. சாம்பிள் போட்டுப் பாருங்கள், ஆர்டர் எடுக்காதீர்கள்.

எம்சிரோடு_தையல்:

ரொம்ப நன்றி. டேட்டா ஷீட் கேட்டு வாங்கினேன், 5% ஆக்டிவ்தான். மஞ்சளுக்கும் ஒயிட்னர்தான் காரணம்போல. ஷீட் ஆஸ்பத்திரி லாண்டரியில் வெந்நீரிலும் ப்ளீச்சிலும் போகும், சிலேன் அதைத் தாங்குமா? வெள்ளி, காப்பர் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லையே.

தொட்டித்தண்ணி:

தாங்காது சார். சூடும் காரமும் சேர்ந்தால் சிலேன் காட்டனைப் பிடித்திருக்கும் பிணைப்பு அறுந்துபோகும். ஆனால் ஒன்று யோசியுங்கள். 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் போகிற ஷீட் அங்கேயே சுத்தமாகிவிடுகிறது. தினமும் மாற்றும் ஷீட்டுக்கு ஃபினிஷ் தேவையா என்பதே கேள்வி. வாரக்கணக்கில் கழற்றாமல், வருகிறவர் போகிறவர் எல்லாம் கை வைக்கிற திரைக்குத்தான் இது முதலில் வேண்டும். அடுத்தது கோட்டின் கைப்பகுதி. ஷீட் கடைசி.

வெள்ளி நல்லதுதான், ஆனால் வெளிச்சத்திலும் கந்தகத்திலும் பழுப்பேறும், ப்ளீச்சோடும் ஒத்துப்போகாது. வாஷ் தண்ணீரில் கழன்று சாக்கடைக்குப் போகும் பங்கும் சும்மா இருக்காது. காப்பரில் குப்ரஸ் ஆக்சைடுக்குத்தான் வைரஸ் மேல் நல்ல வேகம். அது துணிக்குச் செங்கல் நிறம் கொடுக்கும், போகப்போகக் குப்ரிக் ஆக்சைடாகி மந்தமாகும். வெள்ளைத் துணிக்கு இரண்டும் வேண்டாம்.

அயோடின்_நீலம்:

ஷீட்டுக்குக் கண்டிப்பாக வேண்டுமென்று கேட்டால் ப்ளீச்சையே கூட்டாளியாக்கிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு, என்-ஹாலமைன். மெத்திலால் டைமெதில் ஹைடன்டாயினை மெக்னீசியம் குளோரைடு கேட்டலிஸ்டோடு காட்டனில் பேட் செய்து 160 டிகிரியில் 5 நிமிடம் கியூர் செய்தால் செல்லுலோஸில் பிணையும். பிறகு ப்ளீச்சில் நனைக்கும்போது நைட்ரஜன் மேல் குளோரின் உட்காரும். வைரஸைத் தொடும்போது அந்தக் குளோரின் செலவாகும், அடுத்த ப்ளீச்சில் மறுபடி நிரம்பும். ஆக்ஸிடேஷன் வேலை என்பதால் உறை உண்டா இல்லையா என்று பார்க்காது.

குளோரின் ஏற்ற 5% ஹைப்போகுளோரைட் லிட்டருக்கு 2 மில்லி, அதாவது 100 பிபிஎம். அரை மணி ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். ப்ளீச்சிங் பவுடரில் செய்தால் துணியில் சுண்ணாம்பு தங்கும். கேனில் 5% என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், நம் ஊர் சூட்டில் கேனிலேயே வலு இறங்கிக்கொண்டிருக்கும்.

குளோரின் ஏறியதா என்று பார்க்க லேப் தேவையில்லை. அலசிக் காய்ந்த துணியில் 1 கிராம் நறுக்கி, பொட்டாசியம் அயோடைடு கரைசலில் போடுங்கள், ஸ்டார்ச் விடுங்கள். நீலம் வரும். 0.01 நார்மல் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு நீலம் மறையும்வரை எண்ணுங்கள். 3 மில்லி பிடித்தால் 0.01 × 3 × 35.45 ÷ 2, கிராமுக்கு 0.53 மில்லிகிராம், சுமார் 530 பிபிஎம். தயோ இரண்டு மூலக்கூறு செலவாவதால்தான் அந்த இரண்டால் வகுத்தல். அதை மறந்து இரட்டிப்பாகக் காட்டுகிறவர்கள் உண்டு.

குறைகள்: 160 டிகிரியில் காட்டன் வலு குறையும், ஃபார்மால்டிஹைடு மிச்சம் பார்த்தாக வேண்டும், சாயத் துணி வெளுக்கும், ஜன்னல் வெயிலில் குளோரின் இறங்கும், லேசான நீச்சல்குள வாடை இருக்கும். பாலி-காட்டன் கோட்டுக்கு ஒத்துவராது.

ப்ளேக்_கணக்கு:

லேபிள் பற்றி ஒரு வார்த்தை. "கொரோனா வராது" என்று எழுதாதீர்கள். மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் கோவிட் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கோவிட் பெரும்பாலும் காற்றில் வருவது, திரைத்துணி அதைத் தடுக்காது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி என்றால் இன்னும் கவனம். அங்கே துணியைப் பதிவு செய்யாவிட்டால், அந்தத் துணியையே பாதுகாக்கப் போட்ட ஃபினிஷ் என்று மட்டும்தான் சொல்ல அனுமதி, நோய் பற்றிப் பேசினால் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ விடாது. வைரஸ் பெயர், 2 மணி நேரம், எத்தனை வாஷ், எத்தனை லாக், இந்த நான்கும் போதும்.

தொட்டித்தண்ணி:

கடைசியாக ஒன்று விட்டுப்போயிற்று. லேபுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு ரோலுக்கும் ப்ரோமோஃபீனால் ப்ளூ பாருங்கள். தண்ணீரில் இலேசான நீலம் வருமளவு கரைத்து, துண்டை 5 நிமிடம் போட்டு, குழாயில் நன்றாக அலசுங்கள். குவாட் இருக்கும் இடத்தில் நீலம் நிற்கும், இல்லாத இடம் வெளுத்துவிடும். ரோலின் ஆரம்பம், நடு, முடிவு மூன்றிலும் இடது கரை, நடு, வலது கரை என்று ஒன்பது துண்டு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். நடுவில் மட்டும் அடர்ந்தும் இரு கரையிலும் வெளுத்தும் இருந்தால் மாங்கிள் ரப்பர் ரோலின் அழுத்தம் சரியில்லை, நடுவில் தேய்ந்திருக்கும். கெமிக்கலைக் கூட்டாமல் ரோலைக் கடையச் சொல்லுங்கள். வாஷ் போட்ட துண்டில் நீலம் வரவில்லை என்றால் மூன்று அலசல் கூடுதலாகக் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள், சோப்பு மறைத்திருக்கலாம். தைத்த கோட்டில் பார்த்தால் தையல் நூல் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதற்கு ஃபினிஷ் போகவில்லை, பயப்பட வேண்டாம், ஆனால் லேபுக்குத் துண்டு வெட்டும்போது தையலைத் தவிர்த்து வெட்டுங்கள்.